பைக்கில் கூடுதலாக மாட்டும் பொருள்களில் எவை உண்மையிலேயே பயன்பட்டன, எவற்றை வாங்கியதற்காக வருந்தினீர்கள்?

புது வண்டி எடுத்த முதல் வாரத்திலேயே எதையெல்லாம் மாட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 18 ஆண்டுகளாகப் பைக் ஓட்டுகிறேன்; இப்போது வைத்திருப்பது மூன்றாவது வண்டி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வண்டிக்கென்று எதையும் முதல் 2,000 கிலோமீட்டருக்கு வாங்காதீர்கள். அவ்வளவு தூரம் ஓட்டி முடிப்பதற்குள் இடுப்பு வலிக்கிறதா, கை மரத்துப் போகிறதா, இரவில் பாதை தெரியாமல் தடுமாறுகிறோமா என்பதையெல்லாம் உங்கள் உடம்பே சொல்லிவிடும். வண்டி வந்த மாதத்தில் ஆசைக்காக நான் வாங்கியவற்றில் பெரும்பாலானவை பரணில் கிடக்கின்றன. ஒரு சிரமத்தைப் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அதற்கென்றே தேடி வாங்கியவை ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்கு மாறிமாறி வந்திருக்கின்றன.

உடம்பில் அணிபவற்றுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவற்றை வண்டிக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ஹெல்மெட்டின் வெளி ஓடு அடியைப் பரப்பிவிடுகிறது. தலையைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை. அது நசுங்கும்போதுதான் அடியின் வேகம் தணிகிறது. ஒருமுறை நசுங்கிய இடம் மீண்டும் எழும்பாது. ஆகையால் ஒரு விழுதலைச் சந்தித்த ஹெல்மெட் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். வாங்கும்போது பட்டையை மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டைக் கையால் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். கன்னத்தின் தோலும் கூடவே இழுபட்டால் அளவு சரி, ஹெல்மெட் மட்டும் தனியே சுழன்றால் அது பெரிது. ஈசிஇ 22.06 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டுகள், தலையைச் சுழற்றும் விதமாக விழும் சாய்ந்த அடிக்கும் சோதிக்கப்பட்டவை என்பதால், அந்த முத்திரைக்காகக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை. மழையிலும் குளிரிலும் ஓட்டுபவர் என்றால், ஹெல்மெட்டின் முகக்கண்ணாடிக்கு உட்புறம் பொருத்தும் பின்லாக் என்ற மெல்லிய தகட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே அடைபட்டு நிற்கும் காற்று, மூச்சுக்காற்றின் ஆவி கண்ணாடியில் படிந்து பார்வையை மறைப்பதைத் தடுத்துவிடுகிறது.

கையுறையையும் இதே வரிசையில்தான் வைப்பேன், ஏனென்றால் விழும்போது எவரும் யோசிக்காமலேயே கையைத்தான் தரையில் ஊன்றுவார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கிச் செல்லும் கெட்டியான வில்லை இருக்கும் கையுறையாகப் பார்த்து வாங்குங்கள். ஜாக்கெட்டில் நான் ஏமாந்தது முதுகுப் பகுதியில். தோளிலும் முழங்கையிலும் முறையான காப்புத் தகடுகள் இருந்தன. ஜாக்கெட்டின் முதுகுப்புற உள்பாக்கெட்டிலும் அதேபோன்ற ஒன்றுதான் இருக்கும் என்று நம்பி மூன்று ஆண்டுகள் ஓட்டிய பிறகு, துவைப்பதற்காகக் கழற்றியபோதுதான் அது வெறும் பஞ்சு என்று தெரிந்தது. தோள், முழங்கை, முழங்கால் காப்புகளில் இஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் அதனருகே 1 அல்லது 2 என்ற நிலையும் அச்சிடப்பட்டிருக்கும். சோதனையில் காப்பைத் தாண்டி உடம்புக்குச் செல்லும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் அடங்கினால் முதல் நிலை, 20 கிலோநியூட்டனுக்குள் அடங்கினால் இரண்டாம் நிலை. எண்ணே இல்லாத பஞ்சு அந்தப் பாக்கெட்டை நிரப்புவதற்காக வைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இவற்றோடு காதடைப்பான்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெடுந்தொலைவு ஓட்டுபவர்களில் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டும். 85 டெசிபெலில் 8 மணி நேரம் என்பது காதுக்கு வரம்பாகக் கொள்ளப்படுகிறது. அதற்குமேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. பயணம் முடிந்து இறங்கிய பிறகு காதில் ‘ஙொய்’ என்று ஓர் ஒலி கேட்டுக்கொண்டே இருக்குமானால், அன்று காது தாங்கக்கூடியதைவிட அதிகமாகத் தாங்கியிருக்கிறது என்று பொருள். அடைப்பான் வைத்துக்கொண்டு ஓட்டும் நாள்களில் மாலைச் சோர்வு எனக்குப் பாதியாகக் குறைந்திருக்கிறது.

வண்டிக்கு வருவோம். நான் மனமார வருந்திய பொருளும், திருத்திப் பொருத்திய பிறகு மனமார மெச்சிய பொருளும் ஒன்றே: கூடுதல் விளக்குகள். இரண்டாவது வண்டியில் 40 வாட் விளக்குகள் இரண்டை ஒரு கடையில் பொருத்தினேன். அவர்கள் ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கி அணைக்கும் மின்சுவிட்ச்) வைக்காமல் ஹெட்லைட் ஒயரையே பிளந்து அதிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தார்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு முறை போனதும், அந்த இடத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸைச் செருகி அனுப்பிவிட்டார்கள். அதன் பொருள் எனக்கு அன்று தெரியவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு மழை இரவில், ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பேன், பிளாஸ்டிக் கருகும் வாடை ஹெல்மெட்டுக்குள் வந்தது. என்னவென்று யோசிப்பதற்குள் ஹெட்லைட்டும் கூடுதல் விளக்குகளும் ஒரே நொடியில் அணைந்தன. வளைவுக்குச் சற்று முன்பு நடந்ததால்தான் தப்பித்தேன். நினைவில் இருந்த சாலை விளிம்பை நோக்கி வண்டியை மெல்ல ஒதுக்கி நிறுத்தினேன். ஹேண்டில்பாரின் இடப்புற சுவிட்சைத் தொட்டால் கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. மறுநாள் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய கனெக்டர் பழுப்பேறி, ஒயர் முனையோடு ஒட்டி உருகியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் எளிதில் விளங்கும். 60 வாட் ஹாலஜன் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது. அதோடு 80 வாட்டைச் சேர்த்தால் அதே மெல்லிய ஒயரிலும் அதே சுவிட்சிலும் 12 ஆம்பியருக்குச் சற்றே குறைவாகப் பாய்கிறது. ஒயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுவதால், மின்னோட்டம் இரண்டேகால் மடங்கானால் வெப்பம் ஐந்து மடங்குக்கும் மேலாகிறது. ஃபியூஸ் அறுந்தபோதெல்லாம் அது தன் கடமையைத்தான் செய்தது; அதைப் பெரிதாக்கியவர்கள் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

அதே விளக்குகளை இப்போதும் வைத்திருக்கிறேன். பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், நடுவே ரிலே, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறும் தனி சுவிட்ச் என்ற ஏற்பாட்டில் ஆறு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை. பொருத்துவதற்கு முன்பு எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் எத்தனை வாட் தருகிறது, அதில் வண்டியே எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். மிச்சத்துக்குள் அடங்காவிட்டால் பேட்டரி நாளுக்கு நாள் இளைத்துப்போகும். விளக்கின் ஒளிக்கற்றை தாழ்ந்து சாலையில் விழ வேண்டும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு, சில விநாடிகளுக்கு அவரைக் குருடாக்கி நம் திசையிலேயே ஓட்டவிடுகிறது. ஹாலஜன் பல்புக்காக அமைந்த ஹெட்லைட்டுக்குள் எல்இடி பல்பை மாட்டுவதிலும் இதே சிக்கல் உண்டு. ஒளி பிறக்கும் புள்ளி சற்று விலகினாலும், அதை நம்பி வடிவமைக்கப்பட்ட கண்ணாடி ஒளியைக் கண்ட திசையில் சிதறடிக்கிறது. உட்கார்ந்து பார்க்கும் நமக்கு வெளிச்சம் கூடியது போலத் தோன்றும், தொலைவில் இருக்கும் பள்ளமோ தெரியாது.

ஃபோன் பிடிப்பானைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உயர்ந்த ஆற்றலுள்ள பைக் எஞ்சின்களின் அதிர்வு, ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்டப்பட்ட ஐஃபோனின் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் அறிவித்தது. படம் ஆடாமலிருக்க லென்ஸை மிதக்கவிடும் நுட்பமான அமைப்பு அந்த இடைவிடாத நடுக்கத்தைத் தாங்குவதில்லை. வேறு நிறுவனங்களின் ஃபோன்களிலும் அத்தகைய கேமராக்கள் உண்டு. என்னுடையது எட்டு மாதத்தில் எதன்மீதும் குவியாமல் போனது. அதிர்வைத் தணிக்கும் ரப்பர் இடைத்தகடு உள்ள பிடிப்பானை வாங்குங்கள், அல்லது பழைய ஃபோன் ஒன்றை வழி காட்டுவதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். யூஎஸ்பி சார்ஜரும் நல்ல பொருள்தான், சாவியை அணைத்ததும் அதுவும் அணைய வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

எஞ்சினின் இருபுறமும் வளைந்து நிற்கும் காப்புக் கம்பியான கிராஷ் கார்டு காலைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். ஹாரி ஹர்ட் என்பவரின் தலைமையில் அமெரிக்காவில் ஏறத்தாழ 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியிடப்பட்ட அறிக்கை வேறு விதமாகச் சொல்கிறது: கணுக்காலிலும் பாதத்திலும் காயம் குறைகிறது, ஆனால் தொடையிலும் முழங்காலிலும் கீழ்க்காலிலும் அதே அளவுக்குக் கூடிவிடுகிறது. ஆகவே காலுக்காக அதை வாங்க வேண்டாம். நின்ற நிலையில் வண்டி சாயும்போது எஞ்சின் உறையும் கிளட்ச் லீவரும் பிழைக்கின்றன, அதற்காக வாங்கலாம். வண்டியின் ஃபிரேமில் பல இடங்களில் இறுக்கப்படும் கார்டாக இருக்கட்டும். ஒற்றை போல்ட்டில் தொங்குவது, விழுந்த அடி முழுவதையும் அந்த ஓரிடத்துக்கே கொண்டுபோய் எஞ்சின் தாங்கியை உடைத்துவிடக்கூடும்.

டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் பையைப் போல எனக்கு நிம்மதி தந்த பொருள் வேறில்லை. குறடால் ஆணியைப் பிடுங்கி, முறுக்கிய அரத்தைத் துளைக்குள் விட்டு நான்கைந்து முறை ராவி, ஊசியின் காதில் பிசுபிசுப்பான ரப்பர் திரியைப் பாதிவரை கோத்து, பசை தடவி, உடம்பின் எடையைப் போட்டு உள்ளே அழுத்தி, பிறகு ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவ வேண்டும். திரி உள்ளேயே நின்றுகொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டு எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வராவிட்டால் வேலை முடிந்தது. முதல் முறை 40 நிமிடம் ஆனது, இப்போது பத்து நிமிடம் போதும். இதோடு ஒரு சிறிய காற்றடிப்பானும் அழுத்தமானியும் வேண்டும். அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். டியூப் உள்ள டயருக்கு இந்தப் பை உதவாது. முன்கூட்டியே ஊற்றி வைக்கும் பஞ்சர் திரவத்தை ஒருமுறை முயன்றேன். அது வால்வை அடைத்துக்கொண்டதோடு, டயரைக் கழற்றும்போது உள்ளெல்லாம் பிசினாகப் பரவியிருந்தது.

சுமை ஏற்றுவதில் எடையைவிட அது இருக்கும் இடம் முக்கியம். பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கும் டாப் பாக்ஸில் கனமானவற்றை அடுக்கினால், அது நெம்புகோல் போல முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். டாப் பாக்ஸில் கருவிகளையும் தண்ணீரையும் நிரப்பி ஓட்டிய நாளில், வேகம் கூடியதும் ஹேண்டில்பார் என் கைக்குள் லேசாக நடுங்கத் தொடங்கியது; நிறுத்தி அவற்றைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில் மாற்றி வைத்ததும் நடுக்கம் நின்றது. மழைக்கோட்டும் துணியும் மேலே, கனமெல்லாம் கீழே, வண்டியின் நடுவை ஒட்டி. துணிப் பை சைலன்சருக்கு அருகே வருமானால் இடையில் ஒரு தடுப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி சைலன்சரை மாற்றியது எனக்கு நான்கு மாதத்துக்குமேல் பொறுக்கவில்லை. ஒலி முதல் நாள் பெருமையாக இருந்தது, மூன்று மணி நேரப் பயணத்தில் தலைவலியாக மாறியது. எரிபொருள் அளவு பழைய சைலன்சருக்கென அமைக்கப்பட்டிருந்ததால் ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் படபடவென்று வெடித்தது. அகலமான டயரும் இந்த வகையே. ரிம்மின் அகலம் மாறாதபோது டயர் பிதுங்கி உருண்டுகொள்கிறது, வளைவில் வண்டியைச் சாய்ப்பதும் கனக்கிறது. உயரமான விண்ட்ஷீல்டை மட்டும் யாருடையதையாவது இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அதன் மேல்விளிம்பிலிருந்து சுழன்று வரும் காற்று நெஞ்சில் படுவதற்குப் பதிலாக நேராக ஹெல்மெட்டில் மோதினால் தலை ஓயாமல் குலுங்கும். வண்டி அழகாகத் தெரிய வேண்டும் என்று பின் மட்கார்டைக் குறைப்பவர்கள் ஒரே மழையில் முதுகெல்லாம் சேற்றுக்கோடு வாங்குவார்கள். மாறாக, முன் மட்கார்டை நீட்டும் சிறிய பிளாஸ்டிக் துண்டு எஞ்சினின் முகப்பைச் சேற்றிலிருந்து காக்கிறது. சைடு ஸ்டாண்டின் அடியில் பொருத்தும் அகலத் தகடும் அப்படியே, ஈர மண்ணில் நிறுத்தும் முதல் நாளிலேயே அதன் அருமை தெரியும்.

சக்கரம் சுழலாதபடி பிரேக் டிஸ்க்கில் மாட்டும் டிஸ்க் பூட்டு வாங்குவதானால், அதோடு வரும் பளிச்சென்ற நிறமுள்ள சுருள் கயிற்றைத் தூக்கி எறியாமல் பூட்டிலிருந்து ஹேண்டில்பார்வரை இழுத்து மாட்டுங்கள். கயிறு இல்லாமல் பூட்டிய ஒரு காலையில், பூட்டியதை மறந்து வண்டியைக் கிளப்பினேன். சக்கரம் அரைச் சுற்று சுற்றி நின்றது, வண்டி வலப்புறம் சாய்ந்தது. அன்று கிராஷ் கார்டில் விழுந்த கீறல் இன்னும் அப்படியே இருக்கிறது. எஞ்சின் உறையில் ஒன்றுமில்லை.