யன்னலைத் திறப்பதா, எந்த ஊசியைப் போடுவது: மாசிக் குளிரில் வந்த கேள்விகள்

2022 பெப்ரவரி நடுப்பகுதி. கனடாவின் ஒன்ராறியோவில் கோவிட்டின் ஒமிக்ரோன் அலை இறங்கத் தொடங்கிவிட்டது. குளிர் இறங்கவில்லை. அம்மம்மா, பேரப்பிள்ளைகள், வேலைக்குப் போய்வருகிறவர்கள் எல்லோரும் பூட்டிய யன்னல்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்து வீடுகளில் அடிக்கடி எழும் சில கேள்விகளுக்கு இங்கே பதில். ஊசி, பயணம், தனித்திருத்தல் பற்றிய விதிகள் எல்லாம் அந்தக் காலத்தவை. மருந்துகள் எடுப்பவர்கள் தங்கள் குடும்ப வைத்தியரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே வீட்டுக்காரர் குடும்பத்தில் இரண்டு பேருக்குக் கோவிட். ஒரே பேர்னஸ்தான். குழாய்க் காற்றில் எங்களுக்கும் தொற்றுமா? யன்னலைத் திறந்தால் குளிர் தாங்க முடியவில்லை.

பேர்னஸ் எல்லா அறைகளிலிருந்தும் காற்றை இழுத்து, ஒரு வடிகட்டியினூடாக விட்டு, சூடாக்கித் திருப்பி அனுப்புகிறது. அந்த வழியில் கிருமி நன்றாக ஐதாகிவிடும். ஒரே படிக்கட்டையும் உடுப்புத் தோய்க்கும் அறையையும் பகிர்வதுதான் உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. அவர்கள் அந்த அறைக்கு வந்துபோனால் ஒரு மணித்தியாலமாவது விட்டுப் போங்கள், முகக்கவசத்தோடு போங்கள்.

பேர்னஸில் முதலில் பார்க்கவேண்டியது வடிகட்டி. ஒரு டொலர், இரண்டு டொலருக்கு விற்கும் நீல நிறக் கண்ணாடி நார் வடிகட்டி, இயந்திரத்துக்குள் பஞ்சு போகாமல் தடுப்பதற்கு மட்டுமே. மேர்வ் 13 என்று போட்ட மடிப்பு வடிகட்டி வேண்டும் (மேர்வ் என்பது வடிகட்டும் திறனைக் காட்டும் எண்). அது 1 மைக்ரோனுக்கும் குறைவான நுண்துளிகளில் பாதியையாவது பிடிக்கும். 3 மைக்ரோனுக்கு மேற்பட்டவற்றில் பத்துக்கு ஒன்பதைப் பிடிக்கும். அளவு பழைய வடிகட்டியின் விளிம்பிலேயே 16x25x1 என்பதுபோல அச்சிட்டிருக்கும். விளிம்பில் உள்ள அம்புக்குறி பேர்னஸின் விசிறியை நோக்கி இருக்கவேண்டும். பலர் இதைத் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள். ஒரு அங்குலத் தடிப்பு மட்டுமே கொள்ளும் பழைய பேர்னஸுக்கு மேர்வ் 13 சில வேளை மூச்சுமுட்டும். தரைத்துளைகளில் காற்று பலவீனமாக வந்தாலோ, பேர்னஸ் அடிக்கடி தானாக நின்று நின்று எரிந்தாலோ அது காரணமாக இருக்கலாம். அப்படியானால் மேர்வ் 11க்கு இறங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அடுத்தது, சுவரில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் விசிறியை ‘ஓட்டோ’விலிருந்து ‘ஒன்’னுக்கு மாற்றுவது. ‘ஓட்டோ’வில் சூடாக்கும்போது மட்டுமே காற்று வடிகட்டியைக் கடக்கும், ‘ஒன்’னில் நாள் முழுதும் கடக்கும். பெட்டி மேல்வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்கத்தான் வேண்டும். தயங்காமல் கேளுங்கள், அவர்களுக்கும் அது நல்லது. காற்றை உள்ளிழுக்கும் துளைக்கு முன்னால் சோபா நின்றால் நகர்த்துங்கள்.

யன்னலை ஒரு விரல் அளவு நாள் முழுக்கத் திறந்து வைக்கவேண்டாம். எதிரெதிரே இரண்டு யன்னல்களை அகலத் திறந்து 10 நிமிடத்தில் மூடுங்கள். காற்று மாறிவிடும், சுவரும் தளபாடமும் குளிர்வதற்கு முன் மூடிவிடுவதால் அறை விரைவில் சூடேறும். குளியலறை விசிறியை ஓடவிடுங்கள். அது உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ரிசுத்தாளைத் துளையில் பிடியுங்கள். ஒட்டி நிற்காவிட்டால் தூசி அடைத்திருக்கிறது.

இன்னொரு வழி, 2020இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் என்ற இரு அமெரிக்கர்கள் பரப்பிய, காற்றை வடிகட்டும் பெட்டி. 20 அங்குலச் சதுர விசிறி ஒன்று, 20x20 மேர்வ் 13 வடிகட்டி நான்கு, அடிக்கு ஒரு மட்டை, ஒட்டுநாடா. நான்கு வடிகட்டிகளையும் சுவர்போல நிறுத்தி, அம்புக்குறி எல்லாம் உள்நோக்கி இருக்க ஒட்டுங்கள். கீழே மட்டை, மேலே காற்றை வானத்தை நோக்கி ஊதும்படி விசிறி. விசிறியின் மூலைகளில் காற்று திரும்பி உள்ளே கசியும். ஆகவே நடுவில் ஏறக்குறைய 15 அங்குல வட்டம் வெட்டிய மட்டையை மேலே ஒட்டி மூலைகளை மறையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பயனில் நல்ல பங்கு வீணாகும். பழைய விசிறிகளைப் பாவிக்காதீர்கள், சூடேறி எரியும் அபாயம் உண்டு. 2012க்குப் பின் செய்தவற்றில் செருகியிலேயே பாதுகாப்பு உருகி இருக்கும்.

சாம்பிராணிப் புகை கிருமியைக் கொல்லாது. இருமல்காரருக்கு வருத்தத்தைக் கூட்டும், வடிகட்டியையும் அடைக்கும். வருத்தம் தீரும்வரை நிறுத்துங்கள்.

அப்பா, அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார்கள், இருவரும் எழுபது கடந்தவர்கள். அங்கே சினோபாம் இரண்டு ஊசி. இங்கே அது கணக்கில் வருமா?

விமான நிலையத்தில் அப்போது வந்தது. சினோபாம், சினோவாக், கோவாக்சின் மூன்றையும் நாட்டுக்குள் நுழைவதற்குக் கனடா 2021 நவம்பர் 30இலிருந்து ஏற்றுக்கொண்டது. ஆனால் நுழைவதற்கான விதியை உடலுக்கான பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சினோபாம் செயலிழக்கச் செய்த முழுக்கிருமி ஊசி. முதியவர்களின் உடலில் அது எழுப்பும் எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால்தான், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டோடு நிறுத்தாமல் மூன்றாவதையும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்ரோபரில் சொன்னது.

2022 தொடக்கத்தில் ஒன்ராறியோவில் இரண்டு சினோபாமுக்குப் பின் ஒரு பைசரோ மொடேர்னாவோ போட்டால் அடிப்படைத் தொடர் முடிந்ததாகக் கணக்கு. கடைசிச் சினோபாமுக்கும் அதற்கும் இடையில் 28 நாளாவது இருக்கவேண்டியிருந்தது. அது பூஸ்ரர் அல்ல. பூஸ்ரர் அதற்கு மூன்று மாதம் கழித்து. இந்த இடத்தில்தான் குழப்பம் வருகிறது: “மூன்று போட்டாயிற்று, இனி வேண்டாம்” என்று பெரியவர்களை விட்டுவிடுகிறார்கள்.

ஓஹிப் அட்டை (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை) இல்லாதவர்கள் இணையத்தில் பதிய முயன்று நேரத்தை வீணாக்கவேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அழையுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கடவுச்சீட்டையும் இலங்கைத் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். அட்டையில் ஊசியின் பெயர், திகதி, தொகுதி இலக்கம் தெளிவாகத் தெரிகிறதா என்று முதலே பாருங்கள். மை அழிந்திருந்தால் படமெடுத்துப் பெரிதாக்கி அச்சிட்டுச் சேருங்கள்.

உடுப்பு விடயம் சிறிதாகத் தெரியும், அங்கே போனால் பெரிதாகும். ஜக்கெற், சுவெற்றர், உள்ளே நீளக்கை தேர்மல் என்று மூன்று அடுக்கோடு வரும் பெரியவர்களைக் கழற்றவைப்பது பாடு. உள்ளே அரைக்கைச் சட்டை போதும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் மருந்தை எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். நீரிழிவுக்காரருக்கு ஓரிரு நாள் சீனி ஏறலாம், இரண்டு நாளும் காலை மாலை பாருங்கள்.

பைசர் இல்லை, மொடேர்னாதான் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

30 வயதுக்கு மேல் என்றால் காத்திருக்கக் காரணம் இல்லை. மொடேர்னா பூஸ்ரர் 50 மைக்ரோகிராம், முதல் இரண்டு ஊசிகளின் பாதி. 2022 தொடக்கத்தில் 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு முழு 100 கொடுக்க அனுமதி இருந்தது. முந்தியது எதுவாக இருந்தாலும் கலக்கலாம்.

மகனுக்குப் பதினாறு. இதயவீக்கம் வரும் என்று பயந்து இரண்டாவது ஊசியை நிறுத்தி வைத்திருக்கிறேன். மகளுக்கு ஏழு வயது, அவளுக்கும் போடவேண்டுமா?

நீங்கள் பயப்படும் விடயம் உண்மையில் இருக்கிறது; கற்பனை என்று யாரும் தள்ளக்கூடாது. பைசர், மொடேர்னா ஊசிகளுக்குப் பின் இதயத்தசை அழற்சி அரிதாக வருகிறது. இளம் ஆண்களுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பின், ஒரு கிழமைக்குள் வருவதுதான் கூட. மொடேர்னாவில் பைசரைவிட அதிகம். இரண்டு ஊசிக்கும் இடையில் நாள் கூடினால் குறைகிறது. இதனால்தான் அன்று கனடாவின் தேசிய நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு 12 முதல் 29 வயது வரை பைசரையும், 8 கிழமை இடைவெளியையும் சொன்னது. நீங்கள் தள்ளிப்போட்ட காலம் உங்களுக்குச் சாதகமாகவே போயிருக்கிறது. எட்டுக் கிழமை கடந்துவிட்டால் பைசரையே கேட்டுப் போடுங்கள். கோவிட் தொற்றும் அதே அழற்சியைத் தரும்.

போட்ட பின் ஒரு கிழமைக்கு நெஞ்சுநோ, மூச்சு வாங்குதல், இதயம் படபடத்தல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. “ஊசி போட்டது எப்போது” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் ஓய்விலும் வலிமருந்திலும் தேறுகிறார்கள்.

மகளுக்குரியது வேறு குப்பி, 2022இல் அதற்குச் செம்மஞ்சள் மூடி. பெரியவர்களின் 30 மைக்ரோகிராமுக்குப் பதில் 10. அவளுக்கும் 8 கிழமை இடைவெளி. வேறு ஊசி ஏதாவது போடவேண்டி இருந்தால் 14 நாள் தள்ளி வைக்கும்படி 2022 தொடக்கத்தில் சொன்னார்கள். எடை பார்த்து அளவு கூட்டிக் குறைப்பதில்லை, வயதுதான் கணக்கு.

றப்பிட் ரெஸ்ற் பெட்டி இரவு முழுக்கக் காருக்குள் இருந்து உறைந்துவிட்டது. பாவிக்கலாமா? தொண்டை நோ இருக்கிறது, நெகற்றிவ் காட்டுகிறது.

பெரும்பாலான பெட்டிகள் 2 முதல் 30 பாகை வரை வைக்கப்படவேண்டியவை. திரவம் கட்டியாக உறைந்திருந்தால் அந்தப் பெட்டியை நம்பவேண்டாம். சோதனைப் பட்டியில் C கோடு தெரிகிறதே என்பார்கள். திரவம் பட்டியில் சரியாக ஓடியது என்பதற்கே அது சாட்சி. கிருமியைப் பிடிக்கும் பகுதி பழுதாகவில்லை என்று அது சொல்லாது. உறையாமல் குளிர்ந்து மட்டும் இருந்தால் இரண்டு மணித்தியாலம் அறைச் சூட்டில் வைத்துவிட்டுப் பாவியுங்கள். 2022இல் சுப்பர்மார்க்கெற்றிலும் மருந்தகத்திலும் இலவசமாகத் தந்தார்கள். வாங்கினால் காரில் விட்டுவிடாமல் கையோடு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

நெகற்றிவ் பற்றி: ஒமிக்ரோனில் முதல் நாள் அறிகுறி வந்தும் சோதனை பிடிக்காமல் போவது சாதாரணம். 24 மணித்தியாலம் விட்டு மறுபடி செய்யுங்கள். இரண்டும் நெகற்றிவ் என்றால்தான் ஓரளவு நம்பலாம். ஒன்ராறியோ விஞ்ஞான ஆலோசனைக் குழு 2022 பெப்ரவரியில் சொன்ன முறை, வாயும் மூக்கும் சேர்த்து எடுப்பது. அரை மணித்தியாலம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்து, முதலில் இரு கன்னங்களின் உட்புறம், பிறகு நாக்கின் பின்பக்கம் அல்லது தொண்டை, கடைசியாக இரு மூக்குத்துவாரங்கள். இந்த வரிசையை மாற்றவேண்டாம். எத்தனை துளி, எத்தனை நிமிடம் என்பது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும், தாளைப் பாருங்கள். பொதுவாக 15 நிமிடத்தில் பார்க்கவேண்டும். 20 கடந்து தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். நேரத்துக்குள் வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பொசிற்றிவ்தான்.

பொசிற்றிவ் என்றால் பிசிஆர் (ஆய்வுகூடச் சோதனை) தேடி அலையவேண்டாம். 2022 தொடக்கத்து விதிப்படி இரண்டு ஊசி போட்டவர்களும் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் அறிகுறி தொடங்கியதிலிருந்து 5 நாள், மற்றவர்கள் 10 நாள் தனித்திருக்கவேண்டியிருந்தது. காய்ச்சல் இல்லாமல், அறிகுறிகள் 24 மணித்தியாலம் குறைந்தபடி இருக்கவும் வேண்டியிருந்தது. 5 நாளில் வெளியே வந்தாலும் பத்தாம் நாள் வரை அம்மம்மாவோடு ஒரே மேசையில் சாப்பிடாதீர்கள்.

ஜனவரி 3ஆம் திகதி எனக்குக் கோவிட் வந்தது. இரண்டு ஊசி போட்டவள். பூஸ்ரர் எப்போது?

2022 தொடக்கத்து ஆலோசனைப்படி அறிகுறி தொடங்கியதிலிருந்து மூன்று மாதம், அதாவது ஏப்ரல் 3க்குப் பிறகு. இரண்டாவது ஊசிக்கும் பூஸ்ரருக்கும் ஆறு மாத இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது ஊசியே போடாமல் இருந்து கோவிட் வந்தவர்களுக்கு 8 கிழமை போதும்.

மச்சாள் பிள்ளைக்குக் காத்திருக்கிறாள். ஊசியால் மாதவிடாய் குழம்பும், பிள்ளை தங்காது என்று சொல்கிறார்கள்.

மாதவிடாய் சற்றுத் தள்ளிப்போவது உண்மை. அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 பெண்களின் சுற்றுகளைக் கணக்கெடுத்து 2022 ஜனவரியில் வெளியான ஆய்வில், சராசரித் தாமதம் ஒரு நாளுக்கும் குறைவு. பிள்ளை தங்காது என்பதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பிணிக்குக் கோவிட் வந்தால்தான் தீவிர சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பும் குறைமாதப் பிரசவமும் கூடுகின்றன. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம், பாலூட்டும்போதும் போடலாம். ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் மட்டும் தாமதிக்காமல் ரைலனோல் எடுக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் சைவம். ஊசியில் மிருகப் பொருள் உண்டா? மார்ச் 1 சிவராத்திரி அன்று போடலாமா?

பைசரிலும் மொடேர்னாவிலும் ஜெலற்றின் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. விரதநாளில் போடுவதை மருத்துவம் தடுக்கவில்லை. ஆனால் வெறும் வயிறும் நீர் குறைந்த உடம்பும் ஊசி போட்ட கையோடு மயங்கி விழவைக்கும். பிறகு இரவு முழுக்கக் கண்விழிப்பு. பாரணைக்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா நாளுக்கு நான்கு தரம் ஆவி பிடிக்கிறா, மல்லித்தண்ணி குடிக்கிறா, ஊரிலிருந்து வந்த பனடோலும் போடுகிறா. இது சரியா?

மல்லித்தண்ணி, இஞ்சித் தேத்தண்ணி, ரசம் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். உடம்புக்கு நீர் சேரும், தொண்டை இளகும். தேன் சேர்த்தால் இருமலுக்குச் சுகம், ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. ஆவி மூக்கடைப்புக்கு ஆறுதல், கிருமியை அது தொடாது. கொதிநீர்ச் சட்டியை மடியில் வைத்துத் துவாயால் மூடுவதுதான் ஆபத்து. கவிழ்ந்தால் தொடையும் வயிறும் வெந்துவிடும். குளியலறைக் கதவைச் சாத்தி, சுடுதண்ணீர் ஷவரைத் திறந்துவிட்டு, 10 நிமிடம் அங்கே கதிரையில் இருக்கச் சொல்லுங்கள்.

கவனிக்கவேண்டியது பனடோல். பனடோலும் ரைலனோலும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு. இரவுத் தடிமன் சிரப்பிலும் அதே மருந்து அனேகமாக இருக்கும். ஊர்ப் பெட்டியிலிருந்து இரண்டு, இங்கத்தைப் பெட்டியிலிருந்து இரண்டு, படுக்கமுன் சிரப் என்று எடுத்தால் ஈரல் பழுதாகும் அளவுக்குத் தெரியாமலே போய்விடும். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. எல்லாம் கூட்டி ஒரு நாளில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, முதியவருக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதிலும் குறைய. மூக்கடைப்பைத் திறக்கும் குளிசைகள் பிரஷரை ஏற்றும், அம்மாவுக்கு அது இருந்தால் தொடவேண்டாம். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி வீட்டில் இருந்தால், கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். குளிர்ந்த விரலும் மருதாணியும் நகப்பூச்சும் பிழையாகக் காட்டும். 92க்கோ அதற்குக் கீழோ நின்றால், அல்லது பேசும்போது மூச்சு வாங்கினால் 911. அழைக்கும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்துப் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு வாசலில் வையுங்கள், அம்புலன்ஸில் வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.