கே-ஜெட்ரானிக் காரில் ஐடிலிங் கலவை: ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: 1983 மாடல் கோல்ஃப் ஜிடிஐ, கே-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன் (உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ப பெட்ரோலை அளந்து தரும் மெக்கானிக்கல் முறை), கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத வண்டி. இன்ஜின் சூடானதும் ஐடிலிங் ஏறி இறங்கியது, சைலன்சரில் பெட்ரோல் வாடை வந்தது. கலவை ஸ்க்ரூவை லீன் (பெட்ரோல் குறையும்) பக்கம் திருப்பியதும் அது அடங்கிவிட்டது. ஆனால் இப்போது காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. ஸ்க்ரூவை எந்த இடத்தில் வைப்பது?

பதில்: முதலில் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். சூட்டில் ரிச் (பெட்ரோல் அதிகம்), அதைக் குறைத்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்றால் பிழை பெரும்பாலும் ஸ்க்ரூவில் இல்லை, கன்ட்ரோல் பிரஷரில் இருக்கிறது.

காரணம் இதுதான். உள்ளே போகும் காற்று சென்சார் பிளேட்டைத் தூக்குகிறது. பிளேட்டின் லீவர் ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சரை மேலே தள்ளுகிறது. அது எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெட்ரோல் இன்ஜெக்டர்களுக்குப் போகிறது. பிளஞ்சரை மேலிருந்து அமுக்கிப் பிடிப்பது கன்ட்ரோல் பிரஷர். அது குறைந்தால் பிளஞ்சர் சுலபமாக ஏறி, கலவை ரிச் ஆகும். குளிரில் வார்ம்-அப் ரெகுலேட்டர் இந்தப் பிரஷரை வேண்டுமென்றே குறைவாக வைத்து, சூடாகச் சூடாக உயர்த்துகிறது. ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஹீட்டர் எரிந்துபோயிருந்தாலோ அதற்குக் கரண்ட் வராமல் இருந்தாலோ பிரஷர் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. அந்த ரிச்சை ஸ்க்ரூவால் குறைத்தால், குளிரில் தேவைப்படும் ரிச்சும் சேர்ந்து போய்விடும்.

எனவே ஒரு பிரஷர் கேஜை ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே மாட்டுங்கள். கேஜின் வால்வு ரெகுலேட்டர் பக்கம் இருக்க வேண்டும். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது 3.4 முதல் 3.8 பார் வரை காட்டினால் சரி. அதைவிடக் குறைவு என்றால் ரெகுலேட்டரின் வயர் பிளக்கைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போதே வயரில் 12 வோல்ட் அளவுக்கு வருகிறதா பாருங்கள். வந்தால் ஹீட்டரின் ஓம் அளவைப் பாருங்கள். சுமார் 20 ஓம் இருக்க வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் எரிந்துவிட்டது. கூடவே கோல்டு ஸ்டார்ட் வால்வையும் (குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கூடுதல் பெட்ரோல் தெளிப்பது) கழற்றிப் பாருங்கள். சூட்டில் அதன் நுனியில் சொட்டினாலும் இதே அறிகுறிதான் வரும்.

அடுத்தது காற்றுக் கசிவு. பிளேட்டைத் தாண்டி வேறு வழியில் நுழையும் காற்றுக்கு யாரும் பெட்ரோல் அளந்து தருவதில்லை. ஐடிலிங்கில் போகும் காற்றே கொஞ்சம்தான், அதனால் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்து பாருங்கள். இன்ஜின் உடனே தடுமாற வேண்டும், நிற்கவும் செய்யலாம். ஒன்றுமே மாறவில்லை என்றால் ஏற்கனவே எங்கோ காற்று நுழைகிறது. இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள ரப்பர் ஓ-ரிங், இன்ஜெக்டர் உட்காரும் இன்சர்ட், பிளேட்டுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள பெரிய ரப்பர் பூட்டின் மடிப்பு ஆகியவைதான் வழக்கமான இடங்கள். பெட்ரோல் ஸ்ப்ரே அடித்துத் தேடாதீர்கள், தீப்பிடிக்கும். புகை விட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

பூட்டைக் கழற்றியிருக்கும்போதே பிளேட்டையும் பார்த்துவிடுங்கள். நடுவில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், சுற்றிலும் 0.10 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைய வேண்டும். கையால் தூக்கினால் சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும், எங்கும் பிடிக்கக் கூடாது. வால்வு கிளியரன்ஸ், இக்னிஷன் டைமிங், ஸ்பார்க் பிளக் எல்லாம் கலவைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறும். அதனால் சைலன்சர் புகையை அளக்கும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் (கலவை ரிச் ஆனால் அளவு கூடும்) குறைவாகக் காட்டும், அதை நம்பி இன்னும் ரிச் ஆக்கிவிடுவீர்கள்.

இவ்வளவும் சரி என்றால் மட்டும் ஸ்க்ரூவுக்கு வாருங்கள். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், மூடிய கராஜில் இந்தப் புகை உயிரைக் குடிக்கும். ஆயில் 80 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். லைட், ஏசி அணைந்திருக்க வேண்டும். அளவெடுக்கும் நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் ஓடக் கூடாது. கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸைக் கழற்றி வெளிக்காற்றில் விடுங்கள், ஆயிலில் கலந்த பெட்ரோல் ஆவி மீட்டரைக் கெடுக்கும். இன்டேக் பக்கம் திறந்திருக்கும் வாயை மட்டும் அடைக்க வேண்டும். குளிரில் மட்டும் கூடுதல் காற்று விடும் ஆக்ஸிலரி ஏர் வால்வின் ஹோஸைக் கிள்ளிப் பாருங்கள்; ஆர்பிஎம் இறங்கினால் அந்த வால்வு சூட்டிலும் மூடவில்லை.

முதலில் த்ராட்டில் பாடியில் உள்ள பைபாஸ் ஸ்க்ரூவால் ஐடில் ஆர்பிஎம்மைச் சரி செய்யுங்கள். பிறகு ரப்பர் பூட்டுக்கும் ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவே உள்ள சிறு துளையின் அடைப்பானை எடுத்து, நீளமான 3 மில்லிமீட்டர் ஆலன் கீயை இறக்குங்கள். வலஞ்சுழியாகத் திருப்பினால் ரிச், இடஞ்சுழியாகத் திருப்பினால் லீன். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் நகர்த்த வேண்டும்.

கை வைக்கும் விதம்தான் இங்கே முக்கியம். கீயைக் கீழே அமுக்கினால் லீவரும் நகர்ந்துவிடும். மீட்டர் காட்டுவது பொய்யாகிவிடும். கீ உள்ளே இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடவே தொடாதீர்கள். லீவரோடு கீயும் நகர்ந்து சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கீயை வெளியே எடுத்து, துளையை மூடி, ஒரு தடவை லேசாக ரெவ் கொடுத்து, மீட்டர் நிலைத்தபின் படியுங்கள். துளையைத் திறந்து விட்டால் அதுவே ஒரு காற்றுக் கசிவு.

இலக்கு எவ்வளவு? கன்வெர்ட்டர் இல்லாத பல வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 1 முதல் 2 சதவீதம். உங்கள் இன்ஜின் அறையில் ஸ்டிக்கர் இருந்தால் அதில் உள்ளதே முடிவு. கலவை மாறினால் ஆர்பிஎம்மும் மாறும், அதனால் இரண்டையும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை சரிசெய்ய வேண்டியிருக்கும். மீட்டர் இல்லாமல் காதால் மட்டும் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சத்தம் சீராகக் கேட்கும் இடம் பெரும்பாலும் தேவைக்கு மேல் ரிச்சாகவே இருக்கும்.

மீட்டர் சரியாகக் காட்டியும் ஐடிலிங் குலுங்கினால் பிளக்குகளைக் கழற்றி நிறத்தை ஒப்பிடுங்கள். மீட்டர் சொல்வது நான்கு சிலிண்டருக்கும் சராசரி. ஒரு பிளக் வெளுத்தும் மற்றொன்று கரிபிடித்தும் இருந்தால், நான்கு இன்ஜெக்டர்களையும் தனித்தனி அளவுக் குப்பிகளில் ஒரே நேரம் விட்டு அளந்து பார்க்க வேண்டும். அளவு குறையும் குப்பியின் இன்ஜெக்டரை வேறொரு லைனுக்கு மாற்றி மாட்டுங்கள். குறைவு இன்ஜெக்டரோடு நகர்ந்தால் இன்ஜெக்டரை மாற்றுங்கள். பழைய லைனிலேயே நின்றால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டியதுதான்.