ஸ்டார்ட் ஆகாத ஸ்விஃப்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

நண்பரே, 2012 ஸ்விஃப்ட் டீசல், எட்டு மாதமாக ஷெட்டில் நிற்கிறது, சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, "பேட்டரிதான் டவுன், வேறொன்றும் இல்லை" என்று புரோக்கர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் பேட்டரிதான் என்றால் அவரே ஒன்றைப் போட்டு ஓட்டிக் காட்டி நல்ல விலைக்கு விற்றிருப்பாரே!

தெரிந்த மெக்கானிக்கையும் சார்ஜ் உள்ள பேட்டரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் ஆயிலைப் பாருங்கள், பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் வண்டியை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அசையவே இல்லையா? பெரும்பாலும் இன்ஜின் ஜாம்தான். நன்றாகச் சுற்றுகிறது, செல்ஃபும் அடிக்கிறது, ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பழைய டீசல், தண்ணீர் சேர்ந்த ஃபில்டர் என்று சின்ன விஷயமாகவும் இருக்கலாம், இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப் என்று பர்ஸைக் காலி செய்வதாகவும் இருக்கலாம். ஸ்கேனர் போட்டு ரயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயில் உள்ள அழுத்தம், எவ்வளவு வருகிறது என்று பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

ஆர்சியில் கடன் பதிவு இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள். வண்டியின் பதிவு 15 வருடம்தான், 2027-ல் புதுப்பிக்கும் செலவும் வரும்.

காரணம் தெரியாமலே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இன்ஜின் வேலை மொத்தத்தையும் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளவில்லையா, விட்டுவிடுங்கள், ஓடுகிற ஸ்விஃப்ட் எல்லா ஊரிலும் கிடைக்கிறது.