டூப் கணக்கில் வராதா?

வணக்கம்.

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். மாலை நடை முடிந்ததும் நாங்கள் ஐந்து பேர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். மூன்று வாரமாக ஜேம்ஸ் பாண்ட் சண்டைதான் ஓடுகிறது. எனக்கு ஷான் கானரி. எதிர்வீட்டு நண்பருக்கு ரோஜர் மூர். வேலைக்குப் போகிற இரண்டு இளைஞர்களுக்கு டேனியல் கிரெய்க். ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் மட்டும், ஒரே ஒரு படத்தில் நடித்துவிட்டுப் போன ஜார்ஜ் லேசன்பிதான் நிஜமான பாண்ட் என்று அடம்பிடிக்கிறார். எல்லாரும் அவரைக் கிண்டல் செய்கிறோம். நீங்கள் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும். ஒரே நிபந்தனை: தாவுவது, விழுவது, கார் ஓட்டுவது எல்லாம் டூப் செய்வது, அது கணக்கில் வராது. நடிப்பை மட்டும் வைத்துச் சொல்லுங்கள். அடுத்த பாண்டாக யார் வரலாம்? பத்தாவது படிக்கும் என் மகளுக்கு எந்த வரிசையில் காட்டுவது?

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

தீர்ப்பு கேட்ட வரிகளை ஒருமுறைதான் படித்தேன். 'அது கணக்கில் வராது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். வெகுநாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில், காரை ரேம்ப்பில் ஏற்றிக் கவிழ்க்கும் காட்சியில் ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் இறந்துபோனார். அந்தக் காட்சியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்தோம். அதற்குப் பிறகும், சினிமாக்காரர்களின் வடபழனி இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

உங்கள் நிபந்தனைப்படியே பார்ப்போம். 1962-இல் வந்த 'டாக்டர் நோ'வின் தொடக்கம் நினைவிருக்கிறதா? வெள்ளைப் புள்ளிகள் உருண்டு வந்து துப்பாக்கிக் குழலாக விரிய, தொப்பி போட்ட ஒருவர் நடந்து வந்து சட்டென்று திரும்பிச் சுடுவார், மேலிருந்து சிவப்பு வழியும். அது கானரி இல்லை. பாப் சிம்மன்ஸ் என்ற ஸ்டண்ட் கலைஞர். முதல் மூன்று படங்களிலும் அவரேதான். 1965-இல் 'தண்டர்பால்' அகலத்திரைக்குப் போனபோது பழைய துண்டு பொருந்தவில்லை, அதனால் கானரியை வைத்துப் புதிதாக எடுத்தார்கள். ஆக, இந்த வரிசையில் திரையில் முதலில் தோன்றிய பாண்டே டூப்தான். அவரைக் கழித்துவிட்டு எங்கிருந்து எண்ணத் தொடங்குவீர்கள்?

பாண்ட் என்பது ஒரு முகம், இரண்டு மூன்று உடம்புகள், அவற்றைச் சேர்க்கும் ஒட்டு. இந்த ஒட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு பாண்ட் தேறுகிறாரா இல்லையா என்று நான் பார்ப்பேன். நடிகர் க்ளோசப்பில் மேலே பார்க்கிறார். தோள் லேசாக அசைகிறது. அந்த அசைவு நிற்பதற்குள் கட். அடுத்த ஷாட்டில் முதுகைக் காட்டியபடி டூப் தாவுகிறார், ஒரு மரப்பெட்டிக்குப் பின்னால் விழுகிறார், பெட்டிக்குப் பின்னாலிருந்து நடிகர் எழுந்து டையைச் சரிசெய்கிறார். அசைவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டினால் பார்ப்பவரின் கண் அசைவைத் துரத்தும், ஆளைச் சோதிக்காது. அசைவு நின்றபின் வெட்டினால் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விடும். உடனே அது தலைமுடியைப் பார்க்கும், தோள் அகலத்தைப் பார்க்கும், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்க்கும். இது எல்லாவற்றையும் சரிசெய்தாலும் ஓட்டம் காட்டிக்கொடுக்கும். ஒருவர் ஓடும் விதத்தை இன்னொருவருக்கு விக் வைப்பதுபோல மாட்டிவிட முடியாது. 1985-இல் 'எ வியூ டு எ கில்' வந்தபோது மூருக்கு 57 வயது. அந்தப் படத்தின் வைட் ஷாட்டுகளில் ஒட்டு பிரிந்து நிற்பதற்குக் காரணம் மூரின் நடிப்பு இல்லை, அந்த வயது முகத்துக்கு அந்த இளவயது ஓட்டம் பொருந்தவில்லை.

எதிர்வீட்டு நண்பரிடம் இதைச் சொல்லி அவரை மடக்கிவிடாதீர்கள். மூரால் முடியாத இடங்களை டூப்பை வைத்து நிரப்ப வேண்டியிருந்ததால்தான் அவருடைய காலம் டூப்களின் பொற்காலமாக ஆனது. 1974-இல் 'தி மேன் வித் தி கோல்டன் கன்'. தாய்லாந்தில் உடைந்த பாலம் ஒன்றின் மீது கார் ஏறி, அந்தரத்தில் திருகாணிபோல ஒரு முழுச் சுற்று சுற்றி, அக்கரையில் நாலு சக்கரத்திலும் இறங்கும். பாலம் உடைந்ததுபோலத் தோன்றினாலும் அது கணக்குப் போட்டு முறுக்கிய ரேம்ப். ஏறும்போது ஒரு பக்கச் சக்கரங்கள் மேலே தூக்கப்படும், அந்தத் தூக்கல்தான் காரைச் சுழலவைக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்கிட்டார்கள். வேகம் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர். கூடினால் சுற்று அளவு மீறும், குறைந்தால் சுற்று முடிவதற்குள் கார் தண்ணீரில் விழும். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் கணக்கே தப்பிவிடும் என்பதால் ஸ்டீயரிங்கை காரின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஓட்டுநரையும் நடுவில் உட்காரவைத்தார்கள். ஓட்டியவர் லோரன் வில்லர்ட். ஒரே டேக்.

அத்தனை பேருடைய உழைப்பையும் ஒரு சத்தம் கெடுத்தது. கார் அந்தரத்தில் சுற்றும் நேரத்தில், பொம்மைக் கடை ஊதல்போல ஒரு விசில் ஒலியைச் சேர்த்துவிட்டார்கள். உண்மையில் நடந்த ஒன்று கார்ட்டூன்போல ஆகிவிட்டது. இசையமைப்பாளர் ஜான் பாரி பின்னாளில் இதற்காக வருந்தினார். அடுத்த படமான 'தி ஸ்பை ஹூ லவ்ட் மி' 1977-இல் வந்தது. கனடாவின் பாஃபின் தீவில் ஆஸ்கார்ட் மலை விளிம்பிலிருந்து ரிக் சில்வெஸ்டர் பனிச்சறுக்குக் கட்டைகளோடு குதிக்கிறார். இந்த முறை எல்லா ஒலியையும் நிறுத்திவிட்டார்கள். அவர் விழுந்துகொண்டே இருக்கிறார், அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பாராசூட் விரிந்த பிறகுதான் இசை வருகிறது. கழற்றிவிட்ட கட்டை ஒன்று விரியும் பாராசூட்டை உரசிக்கொண்டு போவதைப் படத்திலேயே பார்க்கலாம். அது துணியில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பல கேமராக்கள் வைத்தும் குதித்தவரை முழுதாகத் தொடர்ந்தது ஒன்றே ஒன்றுதான். நாம் பார்ப்பது அந்த ஒரு கேமராவின் ஷாட்.

1983-இன் 'ஆக்டோபசி' என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு விஜய் அமிர்தராஜ்தான் நினைவுக்கு வருவார். உதய்ப்பூர் தெருவில் ஆட்டோவில் போய்க்கொண்டே டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுவார், வேடிக்கை பார்க்கும் கூட்டம் தலையை இடமும் வலமும் திருப்பும். அதே படத்தில் ரயில் பெட்டியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு போகும் காட்சி ஒன்று உண்டு. கதையில் அது ஜெர்மனி, எடுத்தது இங்கிலாந்தின் நீன் வேலி ரயில் பாதையில். தொங்கியவர் மூருக்கு டூப் போட்ட மார்ட்டின் கிரேஸ். தடத்தின் ஒரு பகுதியை மட்டுமே முன்கூட்டி நடந்து பார்த்து அளந்து வைத்திருந்தார்கள். ஷாட் நன்றாக வந்துகொண்டிருந்ததால் ரயில் அந்த எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. தாண்டியதும் தடத்தை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர். கிரேஸின் இடுப்பும் தொடையும் நொறுங்கின. மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார்.

உங்கள் ஐ.சி.எஃப் அண்ணனிடம் இதைக் கேளுங்கள். ஓடும் பெட்டிக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே எத்தனை இடைவெளி விட வேண்டும் என்பதை அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். பெட்டிக்கு விடும் இடைவெளி பெட்டிக்கு மட்டும்தான். அதில் ஒரு மனிதர் தொங்கினால் அந்தக் கணக்கு செல்லாது. இதைப் புரிந்துகொள்ள சினிமா தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'க்காக இத்தாலியின் கோர்ட்டினாவில் பனிச்சறுக்கு வண்டித் தடத்தில் எடுத்தபோது பாவ்லோ ரிகோன் என்ற இளைஞர் உயிரையே விட்டார். கணக்கில் வராது என்றால் இவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

கிரெய்க் ரசிகர்களான அந்த இரண்டு இளைஞர்களிடம் 2006-இன் 'கசினோ ராயல்' படத்தையும் 2008-இன் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' படத்தையும் அடுத்தடுத்து போட்டுக் காட்டுங்கள். அதே நடிகர், அதே பாத்திரம், விட்ட இடத்திலிருந்து தொடரும் கதை. நடிப்பு மட்டுமே கணக்கு என்றால் இரண்டும் ஒரே தரத்தில் இருக்க வேண்டுமே? முதல் படத்தின் துரத்தலில், தப்பி ஓடுபவராக வரும் செபாஸ்டியன் ஃபூக்கான் சுவரின் மேல்பக்கம் உள்ள சின்னத் திறப்பில் பாம்புபோல நுழைந்து போவார். பின்னால் வரும் பாண்ட் சுவரையே உடைத்துக்கொண்டு வருவான். இவன் எப்படிப்பட்ட ஆள் என்பது வசனமே இல்லாமல் விளங்கிவிடுகிறது. அதைச் சொன்னது ஸ்டண்ட். அதே படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் கார் உருளும் இடத்தைப் பாருங்கள். சுமார் 45 சென்டிமீட்டர் உயர ரேம்ப்பில் ஏற்றிப் பார்த்தார்கள், புவியீர்ப்பு மையம் தாழ்வாக உள்ள கார் என்பதால் அது கவிழ மறுத்தது. பிறகு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நைட்ரஜன் அழுத்தத்தில் இயங்கும் குழல் ஒன்றைப் பொருத்தினார்கள். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வெட்டும் நொடியில் பொத்தானை அழுத்த, உலோகத் தண்டு ஒன்று தரையை நோக்கிப் பாய்ந்து காரை எத்திவிடும். ஆடம் கிர்லி ஓட்டினார், மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல், ஏழு முழு உருளல். கின்னஸில் ஏறியது. சாலையில் கட்டிக் கிடக்கும் பெண்ணைப் பார்க்கும் கிரெய்க்கின் கண், கார் உருளல், மயங்கிக் கிடக்கும் கிரெய்க். இதில் ஒட்டு எங்கே என்று தேடிப் பாருங்கள்.

'குவாண்டம்' படத்தின் தொடக்கக் கார் துரத்தலில் ஓட்டியவர்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் வெட்டு வெட்டாக வெட்டி, எந்தக் கார் முன்னால், எது பின்னால், பள்ளம் எந்தப் பக்கம் என்று எதுவுமே கண்ணில் நிற்காதபடி செய்துவிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்து ஒருவர் செய்ததைப் பார்க்கவிடாமல் அடிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். எனக்கு அந்தப் படத்தின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

இப்போது உங்கள் அண்ணனுக்கு வருகிறேன். அவரைக் கிண்டல் செய்வதை நிறுத்துங்கள். லேசன்பி நடிகரே இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாடல். வேறொருவராக வேடமிடும் பகுதிகளில் அவருக்குக் குரல் கொடுத்ததுகூட ஜார்ஜ் பேக்கர் என்ற வேறு நடிகர். அப்படியிருந்தும் 1969-இன் 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' இன்றும் நிற்கிறது என்றால், முதல் மூன்று படங்களின் எடிட்டர் பீட்டர் ஹண்ட் அதை இயக்கினார், ஜான் க்ளென் தொகுத்தார் என்பதால்தான். ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து கதவு வரை நடப்பதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, எழுந்ததும் கதவருகே கொண்டுபோய் நிறுத்தும் வேகத்தை இந்த வரிசைக்குள் கொண்டுவந்தவர் ஹண்ட். பனிச்சறுக்குக் காட்சிகளை வில்லி போக்னர் தானும் சறுக்கிக்கொண்டே, சில சமயம் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே, கையில் கேமராவோடு எடுத்தார். வானத்திலிருந்து எடுத்தவர் ஜானி ஜோர்டன். அதற்கு முந்தைய பாண்ட் படத்தில் ஹெலிகாப்டர் இறக்கை வெட்டி ஒரு பாதத்தை இழந்தவர் அவர். அப்படியும் திரும்பி வந்து, ஹெலிகாப்டருக்குக் கீழே பெல்ட்டில் தொங்கிக்கொண்டு எடுத்தார். உங்கள் அண்ணன் லேசன்பியின் பெயரைச் சொல்லி இவர்கள் எல்லாரையும்தான் பாராட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கானரியைப் பற்றி நீங்களே போதுமான அளவு எழுதிவிட்டீர்கள். 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தின் ரயில் பெட்டிச் சண்டையை அவரும் ராபர்ட் ஷாவும் பெரும்பகுதி தாங்களே போட்டதால்தான் கேமராவால் அவ்வளவு அருகில் நிற்க முடிந்தது, அது அவருக்குரிய பெருமை. மூருக்கும் கிரெய்க்குக்கும் நடுவே பாண்டாக நடித்த டால்டனையும் பிராஸ்னனையும் ஐந்து பேரில் ஒருவர்கூட நினைக்காதது எனக்கு வருத்தம். அடுத்த பாண்ட் யார் என்ற கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. அடுத்த படத்தை டெனி வில்நெவ் இயக்குவதாக 2025 ஜூனில் அறிவித்திருக்கிறார்கள். சண்டை, துரத்தல் காட்சிகளைத் தனியாக எடுக்கும் செகண்ட் யூனிட்டை யார் பார்க்கிறார்கள், ஸ்டண்ட் மாஸ்டர் யார் என்பது தெரிந்ததும் எழுதுங்கள், அதைப் பேசுவோம்.

மகளுக்கு வெளியான வரிசையெல்லாம் வேண்டாம். 1995-இன் 'கோல்டன் ஐ'யில் தொடங்குங்கள். பிராஸ்னனின் முகம் முழுதாகத் தெரிவதற்கு முன்பே ஓர் உருவம் ஓடி வந்து, சுவிட்சர்லாந்தில் 220 மீட்டர் உயர அணையிலிருந்து குதித்துவிடும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம். குதித்தவர் பெயர் வெய்ன் மைக்கேல்ஸ். பிறகு 'கசினோ ராயல்', இரண்டையும் இயக்கியவர் மார்ட்டின் கேம்பல்தான். பிறகு 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்', அதன் பிறகு அண்ணனின் படம். அதை மட்டும் உங்கள் வீட்டில் போடும்போது அவரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவையுங்கள்.