எபேசுவில் அரை நாள்: கப்பலில் இருந்து இறங்குபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஈஜியன் கடலில் சுற்றிவரும் பயணிகள் கப்பல்கள் துருக்கியின் குஷாதாசி துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கும். இறங்குபவர்களில் பெரும்பாலோர் போவது ஒரே இடத்துக்குத்தான்: ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் இருக்கும் எபேசு. விவிலியம் படித்தவர்களுக்கு அது திருத்தூதர் பவுலின் நிருபம் (கடிதம்) போன ஊர். மற்றவர்களுக்குப் படங்களில் பார்த்த அந்த இரண்டடுக்கு நூலக முகப்பு. கப்பலின் கரைச்சுற்றுலா மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து பஸ் டிக்கெட் விற்றவன் நான். எனக்கு விடுப்புக் கிடைத்த நாட்களில் அந்த பஸ்ஸில் ஏறாமல் தனி வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு போனவனும் நான்தான். வந்த கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கப்பலே சுற்றுலா நடத்துகிறதே, தனி வழிகாட்டி எதற்கு? காசு மிச்சமாகுமா ஐயா?
(முதல் முறை கப்பலில் போகும் ஒருவர்)

நீங்கள் இரண்டு பேர் என்றால் மிச்சமாகாது. கப்பலின் பஸ்ஸுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. தனிச் சுற்றுலாவுக்கு வண்டிக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்து ஒரே தொகை. நான்கைந்து பேர் சேர்ந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். பழங்கால நகரத்தின் நுழைவுச்சீட்டு அந்தத் தொகையில் அடங்குமா, தனியா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிறிய தொகை அல்ல அது.

ஆனால் நான் தனியாகப் போனது காசுக்காக அல்ல. நாற்பது பேர் கொண்ட பஸ்ஸில் உங்கள் கடிகாரம் கடைசியாக வந்து ஏறுபவரின் கையில் இருக்கிறது. ஒருவர் கழிப்பறைக்குப் போனால் முப்பத்தொன்பது பேர் வெயிலில் நிற்பார்கள். தனி வழிகாட்டியிடம் நீங்கள் வாங்குவது வரலாற்றுப் பேச்சை மட்டும் அல்ல. எங்கே அரை மணி நிற்பது, எதைப் பார்க்காமலே தாண்டுவது என்று முடிவு செய்யும் உரிமையையும்தான்.

எங்கள் கப்பல் ஐந்து மணி நேரம்தான் நிற்கிறது. போதுமா?

போதும், பேராசைப்படாவிட்டால். கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பல் கட்டியபின் எல்லோரும் இறங்கி வெளியே வர அரை மணி. குஷாதாசியில் கப்பல் நேராகத் துறை மேடையிலேயே அணைவது நல்ல காலம். சிறு படகில் ஏறிக் கரைக்கு வரும் வேலை இல்லை. போக அரை மணி, வர அரை மணி. கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முன்னதாகவே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்கும் முன்னால் ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக ஒதுக்குங்கள். ஆக, நகரத்துக்குள் உங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். எபேசுவை மட்டும் நிதானமாகப் பார்க்க அது சரியான அளவு. அதோடு மூன்று இடங்களையும் மதிய உணவையும் சேர்க்கச் சொல்லும் திட்டத்தை நம்பாதீர்கள்.

தாமதமானால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமா?

போய்விடும். கப்பலின் சொந்தச் சுற்றுலா பஸ் தாமதமானால் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடுவார்கள். தனியாகப் போனவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மேல்தளத்தில் நின்று ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறேன். கயிறுகளை அவிழ்த்தாயிற்று, ஏறுபலகையை இழுத்தாயிற்று. துறை மேடையில் ஒரு தம்பதி ஓடிவருகிறார்கள், கணவர் கையில் சுருட்டிய விரிப்பு ஒன்று. மேலே நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை, ஏனென்றால் சற்று முன்புதான் கப்பல் ஊழியர்கள் அந்தத் தம்பதியின் பாஸ்போர்ட்டுகளை அவர்கள் அறையின் பெட்டகத்திலிருந்து எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்திருந்தார்கள். அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் தங்கள் செலவிலேயே வந்து சேர்ந்தார்கள்.

நேர வித்தியாசம்தான் பலரைக் கவிழ்க்கிறது. துருக்கி 2016 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. கிரேக்கம் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. கோடையில் இரண்டும் ஒன்றே. குளிர்காலத்தில் கப்பலின் நேரம் எந்த நாட்டு நேரம் என்று இறங்கும் முன் பாருங்கள். கைப்பேசி தானாகவே மாறிக்கொள்ளும், கப்பல் மாறாது. வழிகாட்டியிடம் "நான்கு மணிக்குள் திரும்ப வேண்டும்" என்று சொல்வதைவிட, அவர் கடிகாரத்தையும் உங்கள் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட். துருக்கி விசா வேண்டுமா?

கப்பலில் வந்து, துறைமுக ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் 72 மணி நேரத்துக்குள் பார்த்துத் திரும்புபவர்களுக்கு விசா விலக்கு உண்டு. ஆனால் அது அங்குள்ள காவல் அதிகாரிகளின் அனுமதிக்கு உட்பட்டது. உங்கள் கப்பல் நிறுவனம் இதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பலர் தவறவிடுவது வேறு இடத்தில். கிரேக்கத்தில் ஏறி, துருக்கிக்கு வந்து, மறுபடி கிரேக்கத் தீவுக்குப் போகிறீர்கள் என்றால் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா அதற்குப் போதாது. பலமுறை நுழைவு விசாவாக வாங்குங்கள்.

இணையத்தில் மிக மலிவாக ஒருவர் கிடைத்தார். நம்பலாமா?

துருக்கியில் வழிகாட்டித் தொழிலுக்கு அரசு உரிமம் கட்டாயம். உரிமம் பெற்றவர் புகைப்படத்தோடு கூடிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வண்டி ஓட்டுநர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் இடிபாடுகளுக்குள் வந்து விளக்கம் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. வழிகாட்டிகளின் குறைந்தபட்ச நாள் கூலியை ஆண்டுதோறும் அரசே அறிவிக்கிறது. அதற்குக் கீழே ஒருவர் விலை சொன்னால் ஒன்று அவருக்கு உரிமம் இல்லை, இல்லையென்றால் மீதிப் பணம் வேறு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்பது அடுத்த கேள்வியில்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் குஷாதாசிக்கு வராமலே போகிற நாட்களும் உண்டு. அப்படி நேர்ந்தால் கட்டணம் இல்லை என்பதை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிறுவனங்கள் தயங்காமல் எழுதித் தருவார்கள்.

கம்பளக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவார்களாமே?

போவார்கள். நானும் மாட்டியிருக்கிறேன். "நெசவு செய்முறையைப் பத்து நிமிடம் பார்க்கலாம்" என்றார் அந்த வழிகாட்டி. ஒரு பெண் தறியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். பிறகு எங்களைச் சுவரோரப் பலகையில் உட்கார வைத்து, துலிப் பூ வடிவக் கண்ணாடிக் குவளையில் ஆப்பிள் தேநீர் கொடுத்தார்கள். இரண்டு இளைஞர்கள் சுருள்களைத் தோளில் கொண்டுவந்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டிக் காலடியில் விரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினைந்து கம்பளம். கடைசியில் வாசலுக்குப் போக வேண்டுமானால் அவற்றை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஐம்பது நிமிடம் போயிற்று. நான் வாங்கவில்லை, நூலகத்தில் நிற்க இருந்த நேரம் கையை விட்டுப் போனது. விற்பனையில் வழிகாட்டிக்குத் தரகு உண்டு, அவ்வளவுதான் ரகசியம்.

கம்பளம் வாங்க உண்மையில் விருப்பம் இருந்தால் போங்கள், தவறில்லை. இல்லையென்றால் முன்பதிவின்போதே "கடை எதற்கும் போகக் கூடாது" என்று ஒரு வரி எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலைக் கையில் வைத்திருங்கள்.

உள்ளே எந்த வரிசையில் பார்ப்பது? படம் எடுக்க எது நல்ல நேரம்?

எபேசு ஒரு சரிவில் அமைந்த நகரம். மேல்வாசலில் இறங்கி, கீழ்வாசலில் வெளியேற வேண்டும். ஓட்டுநர் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து கீழே நிற்பார். தனி வண்டியின் பெரிய வசதி இதுதான். டாக்சியில் போய்க் கீழ்வாசலில் இறங்கியவர்கள் ஏறிப்போய், அதே வழியில் திரும்ப வேண்டியிருக்கும்.

மேலே சிறிய அரங்கம், ஓரமாக அடுக்கியிருக்கும் சுடுமண் குழாய்கள் எல்லாவற்றையும் சற்று வேகமாகத் தாண்டலாம். நகரத்தின் நடுவே இறங்கும் குரேட்ஸ் வீதியின் உச்சியில் நின்றால் சரிவின் அடியில் நூலகம் தெரியும். அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த முகப்பு கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். பிற்பகலில் போனால் சூரியன் முகப்புக்குப் பின்னால் இறங்கிவிடும்.

ரோமானிய ஆளுநராக இருந்த செல்சஸின் நினைவாக அவர் மகன் அக்விலா இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கியது அது. தந்தையின் கல்லறையும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே. பன்னிரண்டாயிரம் சுருள் நூல்கள் இருந்திருக்கலாம் என்பது கணிப்பு. இன்று நிற்கும் முகப்பு, விழுந்து கிடந்த கற்களைக் கொண்டு ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் 1970க்கும் 1978க்கும் இடையில் எழுப்பியது. மாடங்களில் நிற்கும் நான்கு பெண் சிலைகள் நகல்கள். மூலச் சிலைகள் வியன்னாவில். முகப்பின் ஓரங்களை விட நடுப்பகுதியைப் பெரிதாகக் காட்டக் கட்டியவர்கள் ஒரு கண்கட்டு செய்திருக்கிறார்கள்: நடுத் தூண்கள் ஓரத் தூண்களைவிட உயரம். தெரிந்துகொண்டு பார்த்தாலும் கண் ஏமாறத்தான் செய்கிறது.

எனக்குக் கிடைத்த நல்ல வழிகாட்டி ஒரு நடுவயதுப் பெண். நூலகப் படிகளில் எல்லோரும் முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து தொப்பியைக் கழற்றிப் படியின் மேல் நிழல் விழும்படி பிடித்தார். வெயிலில் வெறும் சலவைக்கல்லாகத் தெரிந்த இடத்தில் கீறல் கோடுகள் மெல்லத் தெரிந்தன: ஒரு நடுத்தண்டு, இருபுறமும் வளைந்து மேலே போகும் கிளைகள். யூதர்களின் ஏழு கிளை விளக்கு. யாரோ ஒருவர் உட்கார்ந்து செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். பஸ் கூட்டங்கள் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்தன.

நூலகத்திலிருந்து விலைமாதர் வீட்டுக்குச் சுரங்கம் இருந்ததாமே?

வழிகாட்டிகள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கதை. ஆதாரம் இல்லை. சலவைக்கல் வீதியில் செதுக்கிய பாதத்தைக் காட்டி "உலகின் முதல் விளம்பரம்" என்பதும் அதே ரகம். "இது கல்வெட்டில் இருக்கிறதா, சொல்வழக்கா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். அதற்குப் பிறகு வழிகாட்டியின் பேச்சே மாறிவிடும். நல்லவராக இருந்தால் மகிழ்ந்துபோவார்.

மலைச்சரிவு வீடுகளுக்குத் தனிச் சீட்டாம். தேவையா?

என்னைக் கேட்டால், தேவை. கூரை போட்டுப் பாதுகாத்த பகுதியில் செல்வந்தர்களின் ஏழு குடியிருப்புகள். சுவரோவியம், தரையில் பதிகல் ஓவியம், அடியில் வெப்பம் ஓடிய தளங்கள். சுவர்களில் வீட்டுச் செலவுக் கணக்கும் வாள்வீரர்களின் படங்களும் கிறுக்கியிருக்கிறார்கள். வீதியில் நிற்கும்போது அரசர்களின் ஊராகத் தெரியும் எபேசு இங்கேதான் மனிதர்களின் ஊராகிறது. நிழலும் உண்டு. படிக்கட்டுகள் அதிகம், அது ஒன்றுதான் குறை.

அம்மாவுக்கு முழங்கால் வலி; பேரனுக்கு மூன்று வயது. முடியுமா?

அம்மாவால் சரிவில் மெல்ல இறங்க முடியும் என்றால் முடியும். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடை. நூற்றாண்டுகளாகக் கால்பட்டுத் தேய்ந்த சலவைக்கல் உலர்ந்திருக்கும்போதே வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி, ஊன்றுகோல், தண்ணீர், தொப்பி. மலைச்சரிவு வீடுகளை அவருக்கு விட்டுவிடுங்கள். குழந்தை வண்டியைக் கப்பலிலேயே வையுங்கள். அந்தக் கற்களில் அது வண்டியாக இராது, சுமையாகத்தான் இருக்கும். நுழைவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். உள்ளே ரோமானியர்களின் கழிப்பறைதான் இருக்கிறது, வரிசையாகத் துளையிட்ட பளிங்கு இருக்கைகளோடு. பேரன் அதை மறக்க மாட்டான்.

மாதாவின் வீட்டையும் பார்க்க வேண்டும் என்கிறார் பாட்டி. இருப்பதே ஐந்து மணி நேரம்தான்.

அப்படியானால் முதலில் அங்கே போங்கள் அம்மா. மற்றவர்களுக்கு நான் அதை விட்டுவிடச் சொல்வதுண்டு. பக்தியோடு வருபவரிடம் சொல்ல மாட்டேன். மரியாள் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாக நம்பப்படும், மலை மேல் உள்ள சிறிய கல் வீடு. 1967இல் ஆறாம் பவுல், 1979இல் இரண்டாம் யோவான் பவுல், 2006இல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் என மூன்று திருத்தந்தையர் வந்து போன இடம். காலையில் முதல் ஆளாகப் போனால் இருபது நிமிடத்தில் வணங்கிவிட்டு, இறங்கும் வழியிலேயே எபேசுவின் மேல்வாசலுக்கு வந்துவிடலாம். பாட்டிக்குப் பெரிய அரங்கத்தையும் காட்டுங்கள். சுமார் இருபத்தைந்தாயிரம் பேர் அமரக்கூடியது. பவுலின் போதனையால் கிரேக்கப் பெண் தெய்வமான ஆர்ட்டெமிஸின் கோயில் உருவங்களின் வியாபாரம் படுத்துவிடும் என்று வெள்ளித் தட்டான் தெமேத்திரியு கிளப்பிய கலகத்தில் ஊர் திரண்டு இரண்டு மணி நேரம் கூச்சலிட்டது அங்கேதான்.

ஏழு அதிசயங்களில் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோயிலில் என்ன மிச்சம்?

ஒட்டவைத்த ஒற்றைத் தூண், சதுப்பு நிலம், பருவத்தில் தூணின் உச்சியில் நாரைக் கூடு. கி.மு. 356இல் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஒருவன் கொளுத்திய கோயிலை மறுபடி கட்டினார்கள். அதுவும் போய், இடமே மறந்து, 1869இல்தான் கண்டுபிடித்தார்கள். செதுக்கிய தூண் துண்டு லண்டனில் இருக்கிறது. திரும்பும் வழியில் பத்து நிமிடம் போதும்.

துறைமுக நகரம் என்கிறார்கள், கடலையே காணோமே?

கொற்கையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். தாமிரபரணி அங்கே செய்ததைச் சிறிய மெண்டரஸ் ஆறு இங்கே செய்திருக்கிறது. வண்டல் படிந்து படிந்து கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. அரங்கத்தின் மேல்படியில் நின்று, நேராக ஓடும் அந்தத் துறைமுக வீதியைப் பாருங்கள். அது போய் முடிவது புல்வெளியில்.

எபேசுவில் பூனைகள் அதிகமாமே? பிஸ்கட் கொடுக்கலாமா?

தூணுக்கு ஒன்று படுத்திருக்கும். பிஸ்கட் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். காலை உணவில் மிஞ்சிய பாலாடைக்கட்டித் துண்டை வழிகாட்டியின் பையில் பாருங்கள், அவர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள்.