பஸ் போனதும் வயிற்றுவலி போய்விடுகிறது

கேள்வி:
கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். எனக்கு வயது 21, துணிக்கடையில் வேலை. தம்பிக்கு 13. ஏழாவது வரை தமிழ் மீடியத்தில் நன்றாகப் படித்தான். இந்த ஜூனில் நான்தான் பிடிவாதமாக டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன். ஆகஸ்டிலிருந்து போக மாட்டேன் என்கிறான். காலையில் யூனிபார்ம் போடுவான், ஒரு ஷூவை மாட்டுவான், இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவான். வளைவில் பஸ் ஹாரன் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி. பஸ் போன பத்தாவது நிமிடம் டீயும் வர்க்கியும் கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை எந்த வலியும் இல்லை. நடிக்கிறான் என்று போன வாரம் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. என்ன செய்வது?

பதில்:
அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒற்றை ஷூவிலேயே என் மனம் நின்றுவிட்டது. ஊர் சுற்றக் கட் அடிக்கும் பையன் வீட்டுக்குத் தெரியாமல் எங்காவது போய்விடுவான். உங்கள் தம்பி உங்கள் கண் முன்னால் கிளம்பப் பார்க்கிறான், முடியவில்லை.

வலி நிஜம். பரீட்சை அன்று நமக்கு வயிறு கலக்குமே, அதே பயம்தான் அவனுக்குத் தினமும் வருகிறது. ஞாயிறு வலிக்காததும் அதனால்தான். ஆனாலும் வேறு காரணம் ஏதும் உண்டா என்று ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பஸ் போனதும் 'அப்பாடா' என்று இருக்கிறதே, அந்த நிம்மதிதான் மறுநாள் பயத்துக்குத் தீனி. போகாவிட்டால் சரியாகிவிடும் என்று உடம்பு பழகிக்கொள்கிறது. அதனால் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விடுவதும் சரிவராது, இழுத்துக்கொண்டு போவதும் சரிவராது.

முதலில் அடித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். "அக்கா தப்பு பண்ணிட்டேன்" என்று சொன்னால் போதும், கூடவே ஒரு 'ஆனால்' வேண்டாம். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் குளிர் காயும்போது பேச்சுக் கொடுங்கள். "ஏன் போக மாட்டேங்கிற?" என்றால் அவனுக்கே பதில் தெரியாது. "எந்த பீரியட்ல வயிறு பிசையுது? பஸ்லயா, இன்டர்வெல்லயா?" என்று சின்னதாகக் கேளுங்கள். இங்கிலீஷில் வாசிக்கச் சொல்லி, தடுமாறியபோது வகுப்பே சிரித்திருக்கலாம். எஸ்டேட் பையன் என்று யாராவது கேலி செய்திருக்கலாம். இதெல்லாம் என் ஊகம்தான். அவன் வாயால் வரட்டும்.

ஆசிரியர் யாராவது அடித்ததாகவோ அவமானப்படுத்தியதாகவோ தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையும் தடை செய்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098.

வகுப்பாசிரியரை நேரில் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள். முதல் சில நாள் அவனோடு பஸ்ஸில் டவுன் வரை போய்த் திரும்பினாலே போதும். அடுத்து கேட் வரை. அடுத்து அவனுக்குப் பிடித்த ஒரு பீரியட் மட்டும். பிறகு அரை நாள். நடுவில் ஒரு நாள் சறுக்குவான். அன்று முந்தின படியில் நின்று, மறுநாள் தொடருங்கள். வீட்டில் இருக்கும்போது பள்ளி நேரத்தில் டிவியும் மொபைலும் வேண்டாம்.

பழைய பள்ளிக்கே போகிறேன் என்று கேட்டால் காது கொடுத்துக் கேளுங்கள். காரணம் தெரிந்த பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து முடிவெடுக்கலாம். தமிழ் மீடியத்துக்குத் திரும்புவதில் எந்தக் குறைவும் இல்லை.

தூக்கம், சாப்பாடு குறைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 14416-ஐ அழையுங்கள், டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நீங்களும் பேசலாம். 21 வயதில் அப்பா இடத்திலும் நின்று பார்த்துக்கொள்கிறீர்கள், அந்தப் பாரம் எனக்குப் புரிகிறது. நல்லது நினைத்துத்தான் பள்ளி மாற்றினீர்கள், அதற்காக உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

கடையில் ஒரு வாரம் மட்டும் தாமதமாக வர அனுமதி கேட்டுப் பாருங்கள். அவன் கேட் வரை போன அன்று எனக்கு எழுதுங்கள்.