ரெட் ராக் ஸ்லாட் இல்லைன்னா ராஞ்ச்சுக்குப் போக முடியாதா?

கேள்வி: மார்ச் கடைசில லாஸ் வேகாஸ் போறோம். மதுரைலருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அப்பாவுக்கு முட்டி வலி, கூட 4 வயசுப் பையன். ஸ்ப்ரிங் மவுண்டன் ராஞ்ச் ஸ்டேட் பார்க், அதான் பார்க்கா மாறின பழைய பண்ணை, அதைக் காட்டலாம்னு ஆசை. ஆனா அதே ரோட்டுல இருக்கிற செம்பாறை இடமான ரெட் ராக் கேன்யன்ல அன்னிக்கு ரிசர்வேஷன் (நேரம் குறிச்சு வாங்கற ஸ்லாட்) முடிஞ்சுபோச்சு, அது இல்லாம ராஞ்ச்சுக்குள்ள விடமாட்டாங்க, என் மூலமா வந்தா ஆளுக்கு 79 டாலர்னு ஒரு டூர்காரர் சொல்றார். எங்ககிட்ட நேஷனல் பார்க் பாஸ் இருக்கு, அது செல்லுமா?

பதில்: முதல்ல அந்த 79 டாலரைக் குடுக்காதீங்க. அவர் சொன்னது பொய்.

ரிசர்வேஷன் கேக்கறது ரெட் ராக்கோட 13 மைல் ஒருவழி சீனிக் டிரைவுக்கு (வண்டில சுத்திப் பாக்கற ரோடு) மட்டும்தான், அதுவும் அக்டோபர் 1லருந்து மே 31 வரைக்கும், காலைல 8லருந்து சாயங்காலம் 5 வரைக்கும். ராஞ்ச் அந்த கேட்டுக்குள்ள இல்லவே இல்ல. நீங்க சார்ல்ஸ்டன் பொலிவார்டைப் பிடிச்சு மேற்கே போய்ட்டே இருந்தா அதுவே 159ம் நம்பர் ரோடா மாறிடும், அது பொது ரோடு, காசு கிடையாது, வலது பக்கம் ரெட் ராக் கேட் வரும், திரும்பாம நேரா போங்க, இன்னும் சில மைல்ல அதே வலது பக்கம் ராஞ்ச் கேட் வரும். அங்க ஆள் கணக்கு இல்ல, வண்டிக்கு இவ்வளவுன்னு ஒரே காசு. நெவாடா வண்டின்னா 10 டாலர், வெளி மாநில வண்டின்னா 15. அஞ்சு பேரும் அதுலயே அடக்கம்.

இப்போ பாஸ் விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா பாதிப்பேர் இங்கதான் குழம்புறாங்க. உங்க பாஸ் ஃபெடரல் பாஸ், அதாவது மத்திய அரசு குடுக்கறது. ரெட் ராக் ஃபெடரல் நிலம், அதனால அங்க செல்லும், ஆனா நுழைவுக் கட்டணத்துக்குத்தான் செல்லும், ஸ்லாட்டுக்குச் செல்லாது, பாஸ் இருந்தாலும் 2 டாலர் கட்டி ஸ்லாட் போட்டே ஆகணும். ராஞ்ச் மாநில அரசு பார்க், அங்க அந்தப் பாஸ் செல்லவே செல்லாது. ஸ்லாட் வேண்டாம், ஆனா காசு உண்டு. அப்பாவுக்கு சீனியர் பாஸ் வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, அது இந்த நாட்டு சிட்டிசனுக்கும் க்ரீன் கார்டுகாரங்களுக்கும்தான், விசிட்டர் விசால வந்தவங்களுக்குக் கிடையாது, கிடைச்சாலும் ராஞ்ச்ல செல்லாது. ஒரே ரோட்டுல ரெண்டு கேட், ரெண்டு அரசு, ரெண்டு விதி. நகரத்தை விட்டு வெளிய வர்ற இடத்துல பெரிய எழுத்துல ஒரு போர்டு வெச்சா இந்தப் புரோக்கருங்க பொழப்பு அன்னிக்கே முடிஞ்சுரும். ஏன் வைக்கலைன்னு எனக்கு இத்தனை வருஷமா புரியல.

அடுத்த பொறி ஸ்ட்ரிப்ல, அதான் பெரிய ஹோட்டல்ங்க வரிசையா இருக்கிற ரோட்டுல, நடக்கும்போது வரும். "ஃப்ரீ டூர், ஃப்ரீ ஷோ டிக்கெட்"னு கூப்பிடற கியாஸ்க் எல்லாம் பெரும்பாலும் டைம்ஷேர் (வருஷத்துல சில நாள் தங்கற உரிமை) விக்கறவங்க. போன வருஷம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போய் ஒரு ஹால்ல மூணரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க, அந்தப் பாட்டி மாத்திரை போடக்கூட எந்திரிக்கக் கூச்சப்பட்டுட்டு இருந்தாங்களாம். கேட்டதுலருந்து எனக்கு மனசே ஆறல. தயவுசெஞ்சு நின்னு பதில்கூட சொல்லாதீங்க.

மேப்ல பார்க்கோட முழுப் பேரையும் போடுங்க. வெறும் ஸ்ப்ரிங் மவுண்டன்னு போட்டா ஊருக்குள்ள சைனா டவுன் இருக்கிற ஸ்ப்ரிங் மவுண்டன் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய்டும். பழைய வீடியோல பையன் ஆடு, லாமா எல்லாம் பாத்திருந்தா அது பக்கத்துல இருந்த பானி ஸ்ப்ரிங்ஸ், தனியார் இடம், 2019லயே மூடி இடிச்சாச்சு. அதைச் சொல்லிக் காசு வாங்கறவங்களும் இருக்காங்க.

சரி, போனா என்ன இருக்கு? வெள்ளை வேலி, பின்னாடி செவசெவன்னு பாறைச் சுவர், முன்னாடி பெரிய புல்வெளி. வேகாஸ்ல புல்லுல செருப்பைக் கழட்டிட்டு ஓட ஒரு குழந்தைக்கு வேற எங்க கிடைக்குது சொல்லுங்க. அப்பாவுக்கு பார்க்கிங்லருந்து ராஞ்ச் வீடு வரைக்கும் கொஞ்ச தூரம்தான், மேல ஹாரியட் ஏரிக்குப் போற மேட்டை மட்டும் விட்டுருங்க. வீட்டுக்குப் பக்கத்துல மணற்கல்லுல கட்டின பழைய சின்ன வீடு ஒண்ணு இருக்கு, 1860கள்ல கட்டினது, கல்லுக்குக் கல் அளவு மாறும், சந்துல பூசின மண்ணு தெரியும், ஊர்ல பழைய மண்சுவர் பாத்த அப்பா அங்கேயே நின்னுருவார் பாருங்க.

அம்மாவுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கு. 1876ல வில்சன், ஆண்டர்சன்னு ரெண்டு பேர் பதிவு பண்ண ராஞ்ச் இது. 1955ல வேரா க்ரூப்னு ஜெர்மன் நடிகை வாங்கினாங்க. 1959ல திருடனுங்க இந்த வீட்டுக்குள்ளயே பூந்து அவங்களையும் ஃபோர்மேனையும் கட்டிப்போட்டுட்டு 33.19 காரட் வைர மோதிரத்தை எடுத்துட்டுப் போய்ட்டாங்க. எஃப்பிஐ மீட்டுக் குடுத்துச்சு. பின்னாடி 1968ல ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் தன் மனைவி, நடிகை எலிசபெத் டெய்லருக்கு வாங்கிக் குடுத்தது அதே கல்லுதான். அப்புறம் ராஞ்ச், கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸோட கம்பெனி கைக்கு வந்து, அதுக்கப்புறம் வாங்கினவங்க இங்க வீடு கட்டி விக்கப் பாத்தாங்க, ஜனங்க எதிர்த்தாங்க, 1974ல மாநில அரசு 32.5 லட்சம் டாலர் குடுத்து வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்குச்சு. அப்படிச் சண்டை போட்டுக் காப்பாத்தின இடத்துக்கு ஒருத்தன் ஆளுக்கு 79 டாலர் கேக்கறான்னா கோவம் வராம என்ன செய்யும்?

பார்க் திறந்திருக்கிற நேரமும் வீடு திறந்திருக்கிற நேரமும் ஒண்ணு இல்ல, கிளம்பறதுக்கு முன்னாடி பார்க் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கங்க. வாடகை கார்ல போங்க, டாக்ஸி ஆப்ல போனா திரும்பி வர சிக்னலும் வண்டியும் கிடைக்கறது கஷ்டம். ஊரை விட உயரம், 3,800 அடி, மார்ச்ல காத்து சில்லுன்னு அடிக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுங்க. புளிசாதம் கட்டிட்டுப் போங்க, பிக்னிக் மேசை இருக்கு. வழில காட்டுக் கழுதைங்க ரோட்டோரம் நிக்கும், பையன் அடம் பிடிச்சாலும் ஒண்ணும் குடுக்காதீங்க, அது சட்டப்படி குத்தம், அதோட சாப்பாட்டுக்குப் பழகின கழுதைதான் ரோட்டுக்கு வந்து வண்டில அடிபட்டுச் சாகுது.